மார்கழியில் நாள் குறித்தவன்

என் தகப்பனாருக்கு நான் கொள்ளி வைக்கவில்லை. பஸ் விபத்தில் அடிபட்டு, நினைவில்லாமல் கிடந்தேன், தந்தி நேரத்துக்கு என் கைக்கு வரவில்லை என்று எட்டு வருஷமாக ஊருக்குச் சொல்லி வருகிறேன். பொய்! தந்தி வந்தது. ஒன்றல்ல, இரண்டு வந்தன. எனக்கு நினைவும் நன்றாகவே இருந்தது. நான் அப்போது மதுரையில், மூக்கை அழகு செய்துகொண்டு, முகத்தில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

சொல்லிவிட்டேன். இதை என் மனைவிக்குச் சொன்னதில்லை. என் தாயாருக்குச் சொன்னதில்லை. உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்லத் துணிந்தேன் போலும். தெரிந்தவர்களிடம் சொல்ல முடிந்திருந்தால் இந்தத் தாளும் பேனாவும் எதற்கு?

மூக்கு என்றா சிரிக்கிறீர்கள்? சிரியுங்கள். காரைக்குடியில் பாதிப் பேர் சிரித்த மூக்குதான் அது. நடுவில் ஒரு மேடு எழும்பி, நுனி வளைந்து, உதட்டை எட்டிப் பார்க்கும். என் தகப்பனாரின் மூக்கு. அச்சில் வார்த்தது போல அப்படியே எனக்கும் வந்திருந்தது. அவர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி கடைத்தெருவில் நடப்பார். நான் குனிந்து நடப்பேன்.

புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் எனக்கு மேனேஜர் வேலை. என்றைக்கு நெல்லை அவிப்பது, என்றைக்குக் களத்தில் காயப்போடுவது என்று வானத்தைப் பார்த்து நாள் சொல்ல வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன். நான் நாள் குறித்து நனைந்த நெல் கிடையாது. ஆனாலும் லாரிக்காரர்களுக்கு நான் 'மூக்கையா'தான். முகத்துக்கு எதிரே 'மேனேஜர்', முதுகுக்குப் பின்னே 'மூக்கையா வாராரு, வேலையைப் பாருங்கடா!'

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பெண் வீட்டார் சிரித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. தேவகோட்டையிலிருந்து எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களில், பெண்ணின் தங்கை தூணுக்குப் பின்னால் நின்று, 'கிளி வந்து ஒக்காந்திருக்கு' என்றாள். என் காதில் விழுந்தது. அந்தச் சம்பந்தம் கூடவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கா தெரியாது, எது பொருந்தவில்லை என்று!

அடுத்து ஒக்கூரில் ஓர் இடம் வந்தது. தை பிறந்ததும் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். நேராகப் பார்த்து எடுத்த படத்தைத்தான் நான் அனுப்பியிருந்தேன். பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. எடுக்க விட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டர் மதுரையில் மூக்கைத் திருத்துகிறார் என்று கேள்விப்பட்டேன். அங்கே கடை வைத்திருந்த என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் முத்துதான் விசாரித்துச் சொன்னான். ஒருவருக்கும் தெரியாமல் போய்ப் பார்த்தேன். டாக்டர் என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பத்து நாள் கட்டு. வீக்கம் முழுதும் வடிய ஒரு மாதம் ஆகும். மார்கழி முதல் வாரத்தில் ஒரு நாள் இருக்கிறது, இல்லாவிட்டால் பொங்கல் கழித்து வரலாம் என்றார்.

"இது ஒண்ணும் அவசர ஆபரேஷன் இல்லை. மனசுல வேற பாரம் இல்லாத நேரமாப் பார்த்து வாங்க. வீட்டுல யாருக்காவது ஒடம்பு சரியில்லாம இருக்கா?"

"இல்லை" என்றேன்.

இதுதான் முதல் பொய். கேட்ட மாத்திரத்தில், நாக்குக் கூசாமல் வந்தது! அப்போது அப்பச்சி... எங்கள் வீடுகளில் தகப்பனாரை அப்பச்சி என்றுதான் அழைப்போம்... அப்பச்சி இரண்டு மாதமாக நெஞ்சுச் சளியில் இழுத்துக்கொண்டிருந்தார். ஐப்பசி மழையில் பிடித்தது. கார்த்திகைப் பனியில் கூடிவிட்டது. மூச்சு வாங்கும் சத்தம் முகப்பு வரை கேட்கும்.

ஆனால் நான் நாள் குறிப்பதில் கெட்டிக்காரன் அல்லவா? கணக்குப் போட்டேன். மார்கழியில் யாரும் சம்பந்தம் பேச மாட்டார்கள். பெண் பார்க்க மாட்டார்கள், மாப்பிள்ளை பார்க்கவும் வர மாட்டார்கள். மூக்கை ஒளித்துவைக்க அதைவிடத் தோதான மாதம் எது? மார்கழியில் வெட்டிக்கொண்டால் தையில் முகம் தெளிந்துவிடும். பொங்கலுக்கு அப்புறம் என்றால் ஒக்கூர்க்காரர்கள் பழைய மூக்கைப் பார்த்துவிடுவார்கள். அப்பச்சிக்கு இந்த இருமல் புதிதா என்ன? போன வருஷமும் இருந்தது, பங்குனியில் போய்விட்டது.

இப்படித்தான் நினைத்தேன். நெல்லைக் காயப்போடுவதுபோல என் முகத்தைக் காயப்போட நாள் பார்த்தேன்!

அந்த நாளில் ஓர் இடைஞ்சல் இருந்தது. பிள்ளையார் நோன்பு. நகரத்தார் வீடுகளில் திருக்கார்த்திகை கழித்து இருபத்தோராம் நாள் அது வரும். புது வேட்டியில் உருவிய இருபத்தொரு நூலைத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் விட்டுப் பிசைந்த மாவில் வைத்துக் கொளுத்தி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் பெரியவர் ஒவ்வொருவருக்கும் தம் கையால் கொடுப்பார். இழை எடுத்துக்கொள்வது என்போம். எந்த ஊரில் இருந்தாலும் அன்றைக்கு வீடு வந்து சேர்ந்துவிட வேண்டும் என்பது வழக்கம்.

சின்ன வயதிலிருந்து அப்பச்சி எனக்கு இழை கொடுக்கும்போது ஒரு வேடிக்கை செய்வார். "சுடுதாடா?" என்று கேட்பார். "நமக்கென்னடா பயம்? நம்ம மூக்கு முன்னாடி போயிச் சூட்டை வாங்கிக்கிரும். நாக்குக்குச் சேதாரம் இல்லை!" கூடியிருக்கும் பங்காளிகள் எல்லாரும் சிரிப்பார்கள். உண்மைதான், எங்கள் இருவருக்கும் மூக்கு நுனியில்தான் முதலில் சுடும். சிறுவனாக இருந்தபோது எனக்கு அந்த வேடிக்கை பிடித்திருந்தது. வளர வளரக் கசந்தது.

புறப்படுகிற அன்று, மதுரையில் ஒரு பெரிய கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று சொன்னேன். அப்பச்சி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"நோன்பு முடிஞ்சு போயேன் சொக்கு. நாலு நாள்தானே. இழையை எடுத்துக்கிட்டுப் போ."

"அவுக நாள் குறிச்சுட்டாக அப்பச்சி. மாத்த முடியாது."

"அதுவும் சரிதான்" என்றார். கொஞ்சம் இருமினார். "குளிருக்குத் துண்டைக் காதுல சுத்திக்க."

அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை இது. நாள் குறித்தது நான். 'அவுக' என்று ஒருவரும் இல்லை.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கண்ணைச் சுற்றிக் கறுத்து, கன்னம் வீங்கி, நடுவில் வெள்ளை மாவுக்கட்டு. நோன்பு நாள் போயிற்று. அதற்கு மூன்றாம் நாள், காலை பதினொரு மணிக்கு முத்து ஓட்டமும் நடையுமாக வந்தான். வீட்டில் அவன் கடை விலாசத்தைத்தான் கொடுத்திருந்தேன். கையில் தந்தி. 'அப்பச்சி நிலைமை மோசம். உடனே புறப்படு.'

உங்களுக்கு ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் செத்துப் போனாரென்று தந்தி கொடுப்பதில்லை. வழியில் பிள்ளை பதறிவிடுவான் என்று, உயிர் போன பிறகும் 'மோசம்' என்றுதான் கொடுப்பார்கள். மோசம் என்று வந்தால் முடிந்துவிட்டது என்று பொருள். எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"கெளம்புடா. ஒரு மணி பஸ்ஸைப் பிடிச்சா நாலு மணிக்கு ஊர்ல இருக்கலாம்" என்றான் முத்து.

"கட்டோட எப்படிடா போறது?"

"கட்டோட போனா என்ன? கேட்டா விழுந்துட்டேன்னு சொல்லு. பெத்தவரை விடவாடா ஒனக்கு மூக்கு பெருசு?"

அங்கிருந்த சிஸ்டர்கூட, "டாக்டரைக் கேட்டா, குலுங்காம கார்ல போங்கன்னு அனுப்பி வைப்பாரு" என்றார். டாக்டர் பக்கத்து அறையில்தான் இருந்தார். நான் கேட்கவே இல்லை. எழுந்து நாலடி நடந்து கதவைத் தட்டவில்லை!

ஏன்? எட்டு வருஷமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். துக்கம் கேட்க ஒக்கூர்க்காரர்கள் வருவார்கள், இந்தக் கோலத்தில் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். 'அப்பன் சாகக் கிடக்கையில் மூக்கைச் சீவப் போனான்' என்று ஊர் பேசும் என்று நினைத்தேன். அதற்கும் மேலே ஒன்று நினைத்தேன்... அதை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. மோசம் என்றால் முடிந்துவிட்டது. முடிந்தபின் போய் யாருக்கு என்ன ஆகப் போகிறது என்று நினைத்தேன். ஆம், அப்படித்தான்! என் தகப்பனார் இறந்துவிட்டார் என்று நானே முடிவு செய்தேன். அப்படி இருந்தால் எனக்கு வசதி.

ஒரு மணி பஸ் போயிற்று. மூன்று மணி பஸ்ஸும் போயிற்று. முத்து என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, பொழுது சாய எழுந்து போனான்.

மறுநாள் உச்சிப்பொழுதில் இரண்டாவது தந்தியைக் கொண்டுவந்தான். இதில் 'மோசம்' இல்லை. 'காலமானார். உடனே வா.' வழக்கத்தை மீறி அப்படியே எழுதியிருந்தார்கள். வராத பிள்ளைக்கு வேறு எப்படி எழுதுவது?

அப்போதாவது போயிருக்கலாமே என்கிறீர்களா? போயிருக்கலாம்... ஆனால் போனால், நேற்றே ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது, இரண்டாவதைக் காப்பாற்ற மூன்றாவது. முத்து தந்தியைக் கட்டில்மேல் வைத்தான். "ஒன் மூஞ்சியில இனி நான் முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

அன்று மாலையே ஒரு கார்டு எழுதிப் போட்டேன். பஸ் மோதி மூக்கெலும்பு முறிந்து, ஏழு நாளாக நினைவில்லாமல் கிடந்ததாக. இப்போதுதான் கண் விழித்ததாக. தந்தியையே இன்றுதான் பார்த்ததாக. கட்டுப் பிரித்ததும் நானே வருகிறேன், யாரும் வர வேண்டாம் என்றும். என் புத்தியைப் பாருங்கள்! தந்தி நேரத்துக்குக் கிடைக்காததற்கும் அதுவே காரணம், மூக்கு மாறியதற்கும் அதுவே காரணம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! எழுதி முடித்தபோது, சாமர்த்தியமாக எழுதியிருக்கிறோம் என்று ஒரு கணம் எனக்குத் திருப்திகூட வந்தது. அந்த ஒரு கணத்தைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு ஊருக்குப் போனேன். என் சித்தப்பா மகன் கொள்ளி வைத்திருந்தான். சாம்பல் கரைத்துக் காடாற்றும் முடிந்திருந்தது. நான் வாசலில் நுழைந்ததும் பெண்கள் ஓவென்று அழுதார்கள். அப்பச்சிக்காக மட்டும் அழவில்லை, எனக்காகவும் அழுதார்கள்! "பாவம், அப்பனும் போயி, புள்ளையும் சாகப் பொழைக்கக் கிடந்துச்சே" என்றார்கள். பங்காளிகள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குச் சேர வேண்டியது செருப்படி. கிடைத்தது ஊர் முழுவதன் இரக்கம்.

என் தாயார் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்தார். விரலால் மூக்கை மெல்லத் தொட்டார்.

"வலிக்குதா ராசா?"

நான் தலையை ஆட்டினேன்.

"ஒன் கடுதாசி வந்ததும் கொப்புடையம்மனுக்கு மஞ்சத் துணியில காசு முடிஞ்சேன். அவுகளைத்தான் எடுத்துக்கிட்டே, புள்ளையையாச்சும் விட்டுருன்னு."

தாலியை இழந்த வாரத்தில் அந்த அம்மாள் எனக்காக வேண்டிக்கொண்டிருக்கிறார். நடக்காத விபத்துக்கு! பூமி பிளக்கும் என்பார்களே, பிளக்கவில்லை. நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

பிறகு அவர் சொன்னதைக் கேளுங்கள். "நோன்பன்னைக்கு ஒனக்கும் சேத்து ஒரு இழையை அவுகளே எடுத்துக்கிட்டாக. இருமிக்கிட்டே எடுத்தாக. தந்தி குடுத்த அன்னைக்கு நல்ல நெனவாத்தான் இருந்தாக. கட்டிலை வாசப்பக்கமாத் திருப்பிப் போடச் சொன்னாக. மறுநாக் காலையில ரெண்டு வாய் காப்பிகூடக் குடிச்சாக. சொக்கு நாலு மணி பஸ்ஸுக்கு வருவான், இல்லாட்டி ஆறு மணி பஸ்ஸுக்கு வருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. பத்து மணிக்குத்தான் அடங்குச்சு. அப்புறமும் சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்தோம்ப்பா."

உயிரோடு இருந்திருக்கிறார்! 'மோசம்' என்றால் அந்த ஒரு தடவை மோசம் என்றே பொருள். ஒரு பகலும் ஓர் இரவும் வாசலைப் பார்த்துப் படுத்திருந்திருக்கிறார். நான் எந்தப் பஸ்ஸில் வருவேன் என்று அவர் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், நான் அதே பஸ்களை ஒவ்வொன்றாகப் போகவிட்டுக்கொண்டிருந்தேன்.

கருமாதி முடிந்த மாலை பங்காளிகள் கூடிப் பேசினார்கள். பெரிய துக்கம்; ஒரு வருஷத்துக்கு வீட்டில் நல்ல காரியம் பேசக் கூடாது என்று முடிவாயிற்று. ஒக்கூர்க்காரர்கள் காத்திருக்கவில்லை, தையிலேயே வேறிடத்தில் பேசி, மாசியில் முடித்துவிட்டார்கள். என் முகம் ஆறுவதற்கு ஒரு முழு வருஷம் கிடைத்தது, பார்த்தீர்களா? நாள் குறிப்பதில் கெட்டிக்காரன் குறித்த நாள்!

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு, என் தாயார் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார்.

"உசுரு வந்துச்சே, அது போதும். ஆனா ஒன் மொகத்துல அவுகளைப் பாத்துக்கிட்டே மிச்ச நாளை ஓட்டிறலாம்னு நெனச்சிருந்தேன்."

அவ்வளவுதான். எழுந்து விளக்கேற்றப் போய்விட்டார்.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. நல்ல இடம், நல்ல பெண். என் மனைவிக்கு என் பழைய மூக்குத் தெரியாது. 'மூக்கும் முழியுமா இருக்கீக' என்று முதல் வாரத்தில் சொன்னாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். லாரிக்காரர்களும் இப்போது என்னை மேனேஜர் என்றே சொல்கிறார்கள், முதுகுக்குப் பின்னாலும்கூட. கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது, குறை ஒன்றுமில்லை.

முத்து என்னை ஊரில் யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. அப்புறம் அவனை ஒரே ஒரு தடவை பார்த்தேன், காளையார்கோவில் தேரில், கூட்டத்தில் எதிரும் புதிருமாக. என் மூக்கைப் பார்த்தான். "ஆச்சி நல்லா இருக்காகளா?" என்று என் தாயாரை விசாரித்தான். நல்லா இருக்காக என்றேன். சரி என்று போய்விட்டான். அவன் திட்டியிருந்தால் அன்று கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

சொல்லிவிடலாமே, இன்னும் ஏன் மறைக்கிறாய் என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. சொல்லத்தான் ஒவ்வொரு மார்கழியும் நினைக்கிறேன். ஆனால் என் தாயாருக்கு மிச்சமிருக்கும் ஆறுதல், அடிபட்டுக் கிடந்ததால் பிள்ளை வரவில்லை என்பது ஒன்றுதான். அதையும் பிடுங்கவா? அவருக்காகத்தான் மறைக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன்... அதுவும் பொய்தானோ? எனக்காகத்தானோ? எனக்கே தெரியவில்லை.

இப்போது வீட்டுக்குப் பெரியவன் நான். நோன்பன்று எல்லாருக்கும் நான்தான் இழை கொடுக்கிறேன். கடைசியில் எனக்கு நானே எடுத்துக்கொள்கிறேன். மூக்கு நுனியில் கொஞ்ச நாள் உணர்ச்சி இருக்காது, பிறகு வந்துவிடும் என்று அந்த டாக்டர் சொல்லியிருந்தார். வரவில்லை. கிள்ளினாலும் தெரியாது.

என் தாயாருக்குக் கண் மங்கிவிட்டது. ஆனாலும் சுடரை நான் வாயருகே கொண்டுபோகும்போது, அப்பச்சி கேட்கிற மாதிரியே, முகத்தை நீட்டிக் கேட்கிறார்:

"சுடுதாப்பா?"

இந்த வருஷமும் கேட்டார். சுடர் என் மூக்கை உரசிக்கொண்டு போயிற்று. ஒன்றும் தெரியவில்லை.

"சுடுது ஆத்தா" என்றேன்.

அவர் சிரித்தார்.